கழற்றுவதும் மாட்டுவதும்

உங்களிடம் கார் இருந்தால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, விரலை மடக்கி உள்பக்கம் லேசாகத் தட்டிப் பாருங்கள். அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல டொக்கென்று சத்தம் வரும். பிறகு வெளிப்பக்கம் தட்டுங்கள். டங்கென்று தகரம் பேசும். கார் இல்லாதவர்கள் கால் டாக்சியில் போகும்போது தட்டிப் பார்க்கலாம். டிரைவர் முறைத்தால் நான் பொறுப்பல்ல.

இந்த டொக்குக்கும் டங்குக்கும் நடுவில் நாலைந்து விரற்கடை இடம் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினால் அது போய் ஒளிந்துகொள்வது அங்கேதான். கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின், பூட்டுக்குப் போகிற கம்பிகள் எல்லாமே அந்த இடத்தில்தான் குடித்தனம் நடத்துகின்றன. வருஷக்கணக்காக அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஊரெல்லாம் போய் வருகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

நானும் யோசித்ததில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் வந்து யோசிக்க வைத்தது.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் பத்து வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்பா ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்தவர். ஓடுகிற ரயிலில் நின்றபடியே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுகிற வேலை. விழுப்புரத்துக் கடிதம் விழுப்புரத்துக் கட்டத்தில்தான் விழ வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொடர்ந்தது. கத்தரிக்கோல், நகவெட்டி, டார்ச் லைட் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. "எடுத்த இடத்துல வைடா" என்பதுதான் எனக்கு அவர் செய்த அதிகபட்ச உபதேசம்.

1999-ல் ரிட்டயர் ஆனதும் ஒரு வெள்ளை மாருதி 800 வாங்கினார். அந்தக் காலத்து நடுத்தர வர்க்கத்துக்கு அது கார் இல்லை, ஒரு சர்டிஃபிகேட். 1983 டிசம்பரில் வர ஆரம்பித்து 2014 ஜனவரியில் நிறுத்தப்பட்ட வண்டி. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மாமனார் வீட்டிலோ கட்டாயம் ஒன்று நின்றிருக்கும். இரண்டு வருஷம் அப்பாவே ஓட்டினார். அப்புறம் கண்ணில் புரை வந்து ஆபரேஷன் ஆனதும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு இடதுபக்க முன் சீட்டுக்கு மாறினார். கடைசி வரை அதுதான் அவருடைய இடம். அந்தக் கதவு, அவருடைய கதவு.

2005 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கதவின் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. ஹேண்டிலைச் சுற்றினால் சும்மா சுற்றுகிறதே தவிர கண்ணாடி அசையவில்லை. மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயசு. கம்ப்யூட்டரைத் திறந்து ரேம் மாற்றத் தெரிந்தவன். ஒரு கதவைத் திறக்கத் தெரியாதா?

திருப்புளியோடு உட்கார்ந்தேன். அப்பா வாசல் படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கைப்பிடியின் ஸ்க்ரூக்கள் சுலபமாக வந்துவிட்டன. கண்ணாடி ஏற்றுகிற ஹேண்டில் மட்டும் வரவில்லை. அதில் ஸ்க்ரூ எதுவும் கண்ணில் படவில்லை. பின்னால் திருப்புளியைக் கொடுத்து நெம்பினேன். 'டிங்' என்று என்னவோ பறந்தது. ஹேண்டில் கையோடு வந்தது. பறந்தது குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு குட்டிக் கம்பி. அரை மணி நேரம் தேடி எதிர்வீட்டு ரோஜாத் தொட்டிக்கு அடியில் கண்டுபிடித்தேன்.

அடுத்தது உள்பக்கத்துப் பலகை. மெக்கானிக்குகள் அதை 'டோர் பேட்' என்பார்கள். அழுத்தின அட்டைமேல் ரெக்சின் ஒட்டியது. அதன் பின்பக்கம் ஓரமெல்லாம் பிளாஸ்டிக் கிளிப்புகள். ஒவ்வொரு கிளிப்பும் கதவுத் தகரத்தில் தனக்கென்று உள்ள ஓட்டையில் உட்கார்ந்திருக்கும். எனக்கு இது தெரியாது. கீழ் மூலையில் இரண்டு கையையும் கொடுத்து, பலாப்பழம் பிளக்கிற மாதிரி இழுத்தேன். பட், பட், பட், பட். நாலு கிளிப் காலி.

பேட் வந்ததும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட். கதவின் ஓட்டைகளை எல்லாம் மூடி, சுற்றிலும் தார் மாதிரி ஒரு கறுப்புப் பசையால் ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்தேன். கையெல்லாம் பிசுபிசுப்பு.

மெஷினில் ஒரு போல்ட் கழன்றிருந்தது. அவ்வளவுதான். முடுக்கினேன். கண்ணாடி ஏறியது, இறங்கியது. எடிசன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மிச்சமிருந்த கிளிப்புகளை வைத்து பேடைக் குத்துமதிப்பாக அழுத்தி மாட்டினேன். பார்க்க முன்பு போலவேதான் இருந்தது. தரையில் உடைந்த நாலு கிளிப்பும் கசங்கின அந்த ஷீட்டும் மிஞ்சின. அப்பா பேப்பரை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"அது எதுக்குடா, அந்தக் கவரு?"

"ஒண்ணுமில்லப்பா. ஃபேக்டரில பேக்கிங்குக்கு ஒட்டியிருப்பான். யாரும் எடுக்காம விட்டுட்டாங்க."

நான் அப்படிச் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நம்மூரில் புது கார் வாங்கினால் சீட்டுக்குப் போட்ட பாலிதீன் கவரை ரெண்டு வருஷம் கழற்ற மாட்டோம். இதுவும் அந்த ஜாதி என்று நினைத்தேன். ஷீட் குப்பைத் தொட்டிக்குப் போனது. கழற்றுவதற்கு முக்கால் மணி நேரம், மாட்டுவதற்கு ஐந்து நிமிடம் என்று பெருமையாகக் கணக்குச் சொன்னேன். அப்பா எதுவும் சொல்லவில்லை. பேப்பரைத் திரும்பவும் உயர்த்திக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து கதவு பேச ஆரம்பித்தது. மேடு பள்ளம் வந்தால் கடகட. கல் ரோடு வந்தால் கிடுகிடு. எனக்கு அதற்கும் வழி தெரிந்திருந்தது. எஃப்.எம். சத்தத்தை இரண்டு புள்ளி ஏற்றினேன்.

அந்த வருஷ அக்டோபரில் பெய்த மழை சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் மழை விட்டதும் எல்லோருமாகக் கல்யாணத்துக்குக் கிளம்பினோம். அப்பா காரில் ஏறிக் காலை வைத்தார். சளக். மேட்டிங் முழுக்கத் தண்ணீர். ஊறின அட்டையின் வாடை வேறு.

எனக்குச் சுருக்கென்று வந்தது. மனைவி, குழந்தை, அம்மா எல்லோரும் பக்கத்தில் இருக்கிறார்கள்.

"ஏம்ப்பா, இறங்கும்போது கண்ணாடியை ஒழுங்கா ஏத்தக்கூடவா மறந்து போயிடும்? இதைக்கூடவா நான் வந்து பார்த்துக்கிட்டு இருக்க முடியும்?"

அப்பா கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சரிப்பா. பார்த்துக்கறேன்."

ஒரு பழைய துண்டைக் கொண்டுவந்து காலடியில் மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கல்யாண மண்டபம் போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கவில்லை.

நவம்பரிலும் மழை பெய்தது. மேட்டிங் நனையவில்லை. இறங்கும் ஒவ்வொரு தடவையும் அப்பா ஹேண்டிலை இன்னொரு சுற்று சுற்றிப் பார்ப்பதைக் கவனித்தேன். சொன்னதால் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அந்தக் கடகட சத்தமும் நின்றது. எங்கள் தெருவுக்கு அப்போதுதான் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். ரோடு நன்றாக இருந்தால் வண்டியும் நன்றாக இருக்கும் என்று ஆபீஸில் நாலு பேரிடம் சொன்னேன்.

2011-ல் அப்பா போய்விட்டார். இடதுபக்கச் சீட்டுக்கு அம்மா வந்தாள்.

*

2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி அடையாறு எங்கள் பக்கம் வந்தது. ஜாபர்கான்பேட்டையை ஒட்டின தெரு. மொட்டை மாடியில் இரண்டு நாள் இருந்தோம். தண்ணீர் வடிந்ததும் இறங்கி வந்து பார்த்தால், மாருதி இருந்த இடத்திலேயே சேறு பூசிக்கொண்டு நின்றது. சீட்டுக்கு மேல் வரை தண்ணீர் ஏறி இறங்கின கோடு தெரிந்தது.

வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். கட்டியிழுத்து சைதாப்பேட்டையில் பாய் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தக் கடையும் மூழ்கியிருந்தது. பாய் தன்னுடைய ஸ்பேனர்களை எல்லாம் ரோட்டோரம் பரப்பி, மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி டூல்ஸ் ஆற்றோடு போய்விட்டதாம். வாசலில் வரிசையாக ஏழெட்டு வண்டிகள்.

"பதினாறு வருஷத்து வண்டி சார். செலவு பண்ணணுமா?"

"பண்ணுங்க பாய்."

"அப்ப உள்ளார இருக்கறதெல்லாம் வெளிய வரணும். சீட்டு, மேட்டிங், நாலு டோர் பேடு, எல்லாம். அட்டை குடிச்ச தண்ணிய வெயில்தான் எடுக்கணும். உள்ளயே விட்டா தகரத்தத் தின்னுடும்."

கூட்டத்தில் அவருக்கு ஆள் போதவில்லை. மூன்றாம் நாள் நானும் போய்க் கூடமாட நின்றேன். கண்ணாடி ஹேண்டிலை அவர் எப்படிக் கழற்றினார் தெரியுமா? ஒரு துணிப் பட்டையை ஹேண்டிலுக்குப் பின்னால் விட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் நாலு இழுப்பு. அந்த லாடக் கம்பி சமர்த்தாகத் துணியில் மாட்டிக்கொண்டு வந்தது. நான் எதிர்வீட்டுத் தொட்டி வரைக்கும் அனுப்பிய அதே கம்பி.

பேடை எடுக்கும்போது மூலையைப் பிடித்து இழுக்கவில்லை. இடுக்கில் ஒரு மூங்கில் பட்டையை விட்டு ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். கிளிப் இருக்கும் இடத்தில் பட்டை தட்டி நிற்கும். அதற்குப் பக்கத்திலேயே விரலைக் கொடுத்து நேராக ஒரு இழுப்பு. ஒன்று வந்தால் அடுத்தது.

"அட்டையப் புடிச்சி இழுக்கக்கூடாது சார். கிளிப்பத்தான் இழுக்கணும். அட்ட சும்மா கூட வரும்."

வலதுபக்கக் கதவுகள் முடிந்தன. பின் கதவு முடிந்தது. இடதுபக்க முன் கதவுக்கு வந்தார். ஹேண்டிலை எடுத்தார். ஓரமாகப் பட்டையை ஓட்டினார். நெற்றியைச் சுருக்கினார்.

"இத முன்னாடி யாராச்சும் கழட்டியிருக்காங்களா?"

எனக்குக் காது சூடானது. "நான்தான் பாய். பத்து வருஷம் முன்னாடி. நாலு கிளிப் உடைஞ்சுபோச்சு."

"இல்லியே. கிளிப்பெல்லாம் இருக்கே."

பேட் வெளியே வந்தது. தண்ணீரில் ஊறி அட்டை உப்பியிருந்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். எல்லா ஓட்டைக்கும் கிளிப் இருந்தது. அதில் நாலு மட்டும் வேறு நிறம். பாய் ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது வேற வண்டி கிளிப்பு. தலை பெருசு. இங்க பொருந்தறதுக்கு ஓரத்தத் தரையில தேச்சிருக்காங்க. நாலையும் ஒரே அளவுல. பொறுமைக்காரர் சார் நீங்க."

"நான் செய்யலை பாய்."

அவர் கதவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்னா சார்?"

நான் பிய்த்துக் குப்பையில் போட்ட ஷீட் இருந்த இடத்தில் இன்னொரு ஷீட் இருந்தது. சேறு அப்பியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தார். நீலம் தெரிந்தது. எழுத்துக்கள் தெரிந்தன. ஆவின்.

பால் கவர்கள். பிரித்து விரித்து ஒன்றோடொன்று சேர்த்து, கதவின் அளவுக்கு வெட்டிய பால் கவர்கள். எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு.

பாய் அதை உடனே பிய்க்கவில்லை. ஒவ்வொரு ஒட்டாக விரலால் தடவிக்கொண்டே போனார். வேலை தெரிந்தவர்கள் இன்னொருவர் வேலையைப் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு, கவனித்திருக்கிறீர்களா? அந்தப் பார்வை.

"கண்ணாடி ரப்பர் வழியா மழைத் தண்ணி எப்பவும் உள்ளார எறங்கும் சார். அது தப்பில்ல, கதவே அப்படித்தான் பண்ணியிருக்கான். எறங்கி, அடியில இருக்கற ஓட்டை வழியா வெளிய போயிடும். போற வழியில அட்டைமேல படாம இருக்கறதுக்குத்தான் இந்த ஷீட்டு. இது இல்லாங்காட்டி தண்ணி அட்டையில ஊறி நேரா மேட்டிங்குக்குத்தான் வரும். பாதிப் பேரு கழட்டுனா இத தூக்கிப் போட்டுடுவாங்க. மெக்கானிக்கே போடுவாங்க."

நான் ஒன்றும் பேசவில்லை.

"இதப் பாருங்க. மேல் கவரு, கீழ் கவருக்குத் தகரத்துப் பக்கமா ஏறி உக்காந்திருக்கு. ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. தண்ணி வழிஞ்சா ஒட்டுக்குள்ள போகாது. அடி ஓரத்த வெளிய விடாம ஓட்டைக்குள்ள மடிச்சுத் தள்ளியிருக்கு. தண்ணி கதவுக்குள்ளயே விழும். யாரோ தெரிஞ்சவங்கதான் செஞ்சிருக்காங்க."

பூட்டுக்குப் போகிற கம்பிகளில் வெள்ளையாக என்னவோ சுற்றியிருந்தது. வேட்டித் துணி. ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, கம்பி நீளத்துக்கும் நெருக்கமாகச் சுற்றி, முனையில் நூலால் கட்டியிருந்தது. ஒரு இடத்தில் பச்சைக் கரை தெரிந்தது. கம்பி அட்டையில் மோதுவதுதான் அந்தக் கடகட சத்தம் என்று பாய் சொன்னார். நான் நன்றி சொல்ல வேண்டிய ரோடு இதுதான்.

எனக்கு அந்தப் பச்சைக் கரை தெரியும். அப்பா கட்டிக்கொண்டிருந்த வேட்டி.

*

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அவள் சேறு படிந்த பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"ஆமா. நீ ஆபீஸ் போனப்புறம் செஞ்சார். மொதல்ல ஒரு நாள், மவுண்ட் ரோடு வரைக்கும் போயிட்டு வரேன்னு பஸ்ல போனார். ஜி.பி. ரோடுல ஒவ்வொரு கடையா ஏறி எறங்கியிருக்கார். சின்னப் பொட்டலத்தோட வந்தார். அப்புறம் ரெண்டு நாள் மெழுகுவர்த்தி கொளுத்தி வெச்சுக்கிட்டு, ஆக்சா பிளேடுல கவர் ஓரத்தை மடிச்சு மடிச்சு நெருப்புல காட்டி ஒட்டிட்டு இருந்தார். அப்பளக் கம்பெனிக்காரங்க ஒட்டுவாங்களே, அந்த மாதிரி. எடைக்குப் போடக் கழுவிச் சேத்து வெச்சிருந்த கவரெல்லாம் போச்சு. என் மரக்கரண்டிக் காம்பும் போச்சு, அதை வெச்சு எதையோ நெம்பி."

"எங்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"நானும் கேட்டேன். சரியாயிடுச்சுல்ல, அப்புறம் எதுக்குச் சொல்லணும்ன்னார்."

அவ்வளவுதான். அம்மா அடுத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் போன அந்த நாள் திரும்பத் திரும்ப வந்தது. "சரிப்பா, பார்த்துக்கறேன்" என்றாரே, அதை மன்னிப்பு என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது அதன் நேர் அர்த்தத்தில். பார்த்துக்கொள்கிறேன் என்றார், பார்த்துக்கொண்டார். அறுபத்து நாலு வயசில், புரை எடுத்த கண்ணோடு, கதவைத் திறந்து பார்த்து, தண்ணீர் வருகிற வழியைப் புரிந்துகொண்டு, அதை அடைத்திருக்கிறார். அவரவர் பொருள் அவரவர் கட்டத்தில். அதற்கப்புறம் ஆறு வருஷம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறார். காரில் போகும்போதெல்லாம், "கண்ணாடி அன்னைக்கு நானே ரிப்பேர் பண்ணினது" என்று ஏறுகிறவர்களிடம் எல்லாம் நான் பீற்றிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நாம் செய்த வேலைக்குப் பின்னால் யாராவது வந்து அதைச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று நமக்குத் தெரிய வழியே இல்லை. நன்றாகச் சரிசெய்திருந்தால் தெரியவே தெரியாது. வெள்ளம் வந்தால்தான் உண்டு.

*

நாலு நாள் வெயிலில் மேட்டிங்கும் சீட்டும் காய்ந்தன. உப்பின பேட் தேறவில்லை. புதுப்பேட்டையில் ஒரு பழைய பேட் கிடைத்தது. நிறம் கொஞ்சம் கம்மி. பரவாயில்லை என்றேன். பால் கவர் ஷீட்டை நான் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். அம்மா அதை சோப்புத் தண்ணீரில் அலசி, கிளிப் போட்டுக் கொடியில் காயவைத்துக் கொடுத்தாள். கதவுக்குள் வெயில் படாததாலோ என்னவோ, இரண்டு இடத்தில்தான் ஒட்டு விட்டிருந்தது. அதை நான் மெழுகுவர்த்தியில் ஒட்டினேன். முதல் தடவை ஓட்டை விழுந்தது. இரண்டாவது தடவை பரவாயில்லை.

"இந்த ஒண்ணை நான் மாட்டறேன் பாய்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். என்றைக்காவது உதவும். கழற்றும்போதே ஒவ்வொரு ஸ்க்ரூவும் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று குறித்து வைக்க வேண்டும். ஒரு அட்டையில் கதவைப் படமாக வரைந்து, ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தால் போதும். இப்போது செல்போன் இருக்கிறது, கழற்றுமுன் நாலு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். உடைந்த கிளிப்பைத் திரும்பப் போடக் கூடாது. ஒரு கிளிப் குறைந்தாலும் பாரம் பக்கத்துக் கிளிப்புக்குப் போகும், கொஞ்ச நாளில் அதுவும் போகும். பேடை மூடுமுன் கண்ணாடியை மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும், பூட்டைப் போட்டுத் திறந்து பார்க்க வேண்டும். மூடினபிறகு பார்த்தால் மறுபடி கழற்ற வேண்டிவரும். மாட்டும்போது முதலில் மேல் விளிம்பைக் கண்ணாடி ஓரத்தில் தொங்கவிட்டு, பிறகு ஒவ்வொரு கிளிப்பும் தன் ஓட்டைக்கு நேராக வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டு. சரியாக உட்கார்ந்தால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வராவிட்டால் பலத்தைக் கூட்டக் கூடாது. எடுத்துவிட்டு மறுபடி நேர்பார்க்க வேண்டும்.

"கழட்டறது கோவத்துல கூட கழட்டலாம் சார். மாட்டறது முடியாது" என்றார் பாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாருதி 800 சாது. இப்போது வருகிற கார்களில் கதவுக்குள் ஒயர்கள் ஓடுகின்றன. பேடை இழுத்த வேகத்தில் ஒயர் அறுந்துவிடும். எடுத்ததும் ஒயர் சாக்கெட்டுகளைப் பிரிக்க வேண்டும், மாட்டுமுன் சேர்க்க வேண்டும். நிறைய வண்டிகளில் கண்ணாடியை ஒட்டின தூண்களுக்கும் கூரை ஓரத்துக்கும் பின்னால் ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்' என்று எழுதியிருந்தால், தயவுசெய்து திருப்புளியோடு ஞாயிற்றுக்கிழமை வீரம் காட்டாதீர்கள். தெரிந்தவர்களிடம் விடுங்கள். பேட்டரி இணைப்பை எடுத்து, கொஞ்ச நேரம் காத்திருந்துதான் அவர்களே அதைத் தொடுவார்கள். தப்பாக மாட்டினால் சத்தம் வராது, தண்ணீர் வராது, வர வேண்டிய நேரத்தில் ஏர்பேக் வராமல் போகலாம்.

எனக்கு அந்த ஒரு கதவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வேட்டித் துணியை எடுக்கவில்லை. அது ஊறிக் காய்ந்து கம்பியோடு கம்பியாக இருந்தது. ஷீட்டின் அடி ஓரத்தைக் கதவுக்குள் மடித்துத் தள்ளினேன். நாலு புதுக் கிளிப்புகள், சரியான அளவில். கடைசி 'டப்' சத்தம் கேட்டதும் பாய் ஒரு பக்கெட் தண்ணீரும் மக்கும் கொண்டுவந்து வைத்தார்.

"ஊத்துங்க."

கண்ணாடிமேல் மொண்டு மொண்டு ஊற்றினேன். உள்ளே இறங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவின் அடியிலிருந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியே வந்தது. கதவைத் திறந்து, அப்பா கால் வைக்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன்.

காய்ந்திருந்தது.

அந்த வண்டியை இன்னும் மூன்று வருஷம் வைத்திருந்தேன். 2018-ல் திருவள்ளூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். டிரைவிங் பழக வேண்டுமாம். விலை பேசி முடித்து, சாவியைக் கொடுக்கும்போது அவரிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன்.

"இந்த இடதுபக்கக் கதவை எப்பவாவது கழட்ட வேண்டி வந்தா, உள்ளே இருக்கறதைத் தூக்கிப் போடாம பார்த்துக்கங்க."

அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கதவை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "ஏன் சார், உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை" என்றேன். "மழை உள்ளே வராம இருக்கறதுக்கு ஒரு ஏற்பாடு."